செந்தூர் வள்ளி குகைக்கு பிளான் போடுறீங்களா? முதல் சீட் யாருக்கு?



அடுத்த மாசம் ராஜபாளையத்துல இருந்து நண்பர்கள் ஏழு பேர் திருச்செந்தூர் போறோம். பிளான் போடுற பொறுப்பு என்கிட்ட. ஐ.டி. வேலைல இருக்கிறவனாச்சே, எக்ஸெல் ஷீட் போட்டுட்டேன்! சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியா 140 கிலோமீட்டருக்கு மேல. கடல்ல நீராடல், நாழிக்கிணறு, மூலவர் தரிசனம், வள்ளி குகை. எல்லாத்துக்கும் நேரம் குறிச்சாச்சு.

ஒரே ஒரு சிக்கல். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற என் அத்தையும் வரணும்னு ஆசைப்படுறாங்க. ஒரு காலத்துல தைப்பூசத்துக்குப் பச்சை சேலை கட்டி செந்தூருக்குப் பாதயாத்திரை போனவங்க. இப்போ முழங்கால் வலி, கம்பு ஊன்றித்தான் நடக்குறாங்க. அவங்களைக் கூப்பிட எதிர்த்திசையில சுமார் 12 கிலோமீட்டர் போய்த் திரும்பணும். "டைம் வேஸ்ட் மச்சி, பிரசாதம் வாங்கிக் கொடுத்துக்கலாம்"னு ஒரு நண்பன் சொன்னான்.

அதுக்கு முருகனே பதில் வெச்சிருக்கார்.

அறுபடை வீடுகள்ல செந்தூர் மட்டும் கடற்கரைத் தலம்னு சொல்வோம். ஆனா இங்கேயும் பாறை உண்டு. கோயிலுக்கு வடக்கே, கரையை ஒட்டி இருக்கிற மணற்பாறை மேட்டுலதான் வள்ளி குகை. வள்ளியம்மை ஒளிஞ்ச இடம்னு பெரியவங்க சொல்வாங்க. வாசல் குறுகலானது. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் குனிஞ்சுதான் நுழையணும்.

அந்த வள்ளியை முருகன் எப்படித் தேடி வந்தார்? வேடனா வந்தார், வேங்கை மரமா நின்னார். கடைசியில தள்ளாடுற கிழவரா வந்து பசிக்குதுன்னார். வள்ளி விரட்டல. தேனும் தினைமாவும் கொடுத்தாள், தாகம்னதும் தண்ணி காட்டினாள். உலகத்தையே மயில்ல சுத்தி வந்தவர், மெதுவா நடக்கிற கிழவரா வந்தார் பாருங்க! நம்ம வீட்டுல கம்பு ஊன்றி நடக்கிறவரை விட்டுட்டு, அந்த வள்ளி குகைல போய் என்ன தேடப் போறோம்?

அதனால பிளானை மாத்தியாச்சு. வண்டி முதல்ல ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. அத்தை நடக்கிற வேகம்தான் எங்க எல்லாருக்கும் வேகம். குகைக்குள்ள கூட்டமும் புழுக்கமும் இருந்தா, அவங்க வெளிய உட்கார்ந்து கடலைப் பார்த்தபடியே கும்பிடட்டும். நாங்க முறை வெச்சு ஒவ்வொருத்தரா கூட இருப்போம். முருகன் குகைக்கு உள்ள மட்டுமா இருக்கார்?

நீங்க போறதா இருந்தா இதையும் கவனிங்க:

🔸 அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சில நாள் கடல் உள்வாங்கும், பாசி படிஞ்ச பாறைகள் வெளிய தெரியும். செல்ஃபிக்காக அது மேல ஏறாதீங்க, கால் வழுக்கும்.

🔸 மணற்பாறை மென்மையானது. சாவியால பேர் கீறாதீங்க. உங்க பேர் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

🔸 கடல்ல குளிச்சிட்டு நாழிக்கிணற்றுக்குப் போங்க. உப்புக் கடலுக்குப் பக்கத்துலயே ஊறுற நல்ல தண்ணி அது.

🔸 வர முடியாதவங்களுக்குப் பன்னீர் இலை விபூதி வாங்கிட்டு வாங்க. ஆனா வர முடிஞ்சவங்களை விட்டுட்டுப் போகாதீங்க.

இன்னைக்கே உங்க ஷீட்டைத் திறந்து, முதல் சீட்ல வீட்டுப் பெரியவர் ஒருத்தர் பேரை எழுதுங்க. மிச்சத்தை செந்திலாண்டவர் பார்த்துக்குவார்.

ஓம் சரவணபவ 🙏 உங்க பயணக் குரூப்புக்கும் பகிருங்க.