ஓர் 'இருக்கலாம்' பற்றி

முடியாத ஆய்வொன்றை நாலு பேர் முன்னால் வைப்பது சரியா? தெஹியோவிட்டவில் இலக்கணம் படிப்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி வந்தது, நண்பரொருவர் பல்கலைக்கழகமொன்றின் மொழியியல் கலந்துரையாடலுக்குக் கூட்டிச் சென்ற பிறகுதான். மேடை இல்லை, தலைமையுரை இல்லை, பொன்னாடையும் இல்லை (அதுவே பெரிய ஆறுதல்). பத்துப் பேர் வட்டமாக இருந்தார்கள். ஆய்வு மாணவர் தான் பாதிவழியில் நிற்கும் விடயத்தைச் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் குறுக்கிட்டார்கள்.

அன்று பேசப்பட்டது எங்கள் பேச்சுத்தான். மற்றவர்கள் 'நான் போறேன், அவன் போறான்' என்பதை எங்கள் வீடுகளில் 'நான் போற, அவன் போற' என்போம். சிங்களத்திலும் 'மம யனவா, எயா யனவா' என வினை மாறாமலே நிற்கிறது. "அதன் செல்வாக்காக இருக்கலாம்" என்றார் மாணவர். 'இருக்கலாம்' என்பதை அழுத்தியே சொன்னார்.

ஊர் திரும்பி, பள்ளிவாசல் திண்ணையில் நான் இதைச் சொன்னபோது அந்த 'இருக்கலாம்' வழியில் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. "அப்ப நாங்க கதைக்கிற தமிழில்லையா மாஸ்டர்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் முகத்தில் கோபமில்லை, வெட்கம் இருந்தது. அது என் வாயால் வந்த வெட்கம்.

மொழியை வைத்து நம்மை யாரென்று சொல்வது நமக்குப் புதிதல்ல. 1888இல் ராயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். அவர் காட்டிய சான்றுகளில் மொழியும் ஒன்று. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் மறுப்பு நூல் வந்தது 1907இல். இராமநாதன் வைத்தது அரைகுறை ஆய்வல்ல, முடிந்த முடிவு. முடிந்த முடிவோடு மல்லுக்கட்டலாம், அதைத் திருத்திக் கொடுக்க முடியாது. பாதியில் நிற்பதைத்தான் கேட்பவனும் சேர்ந்து கட்டலாம்.

ஆகவே சொல்பவர் மீது எனக்குக் குறையில்லை. சசூர் 1907 முதல் 1911 வரை ஜெனீவாவில் நடத்திய வகுப்புகளை நூலாக்காமலே 1913இல் மறைந்தார். மாணவர் கொப்பிகளிலிருந்துதான் 1916இல் அந்தப் புகழ்பெற்ற நூல் உருவானது. தொகுத்த இருவரும் அவ்வகுப்புகளில் இருந்தவர்களல்லர். அவருடைய தயக்கங்களில் எத்தனை நூலில் தப்பின என்று அறிஞர்கள் இன்றும் கொப்பிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சபையில் கேட்டது அமானிதம். அதைத் தூக்கிச் செல்பவன் 'இருக்கலாம்' என்பதையும் சேர்த்தே தூக்க வேண்டும்.

என் குற்றம் அதோடு முடியவில்லை. அந்த வட்டத்தில் 'நான் போற' என்று பேசி வளர்ந்தவன் நான் ஒருவன்தான். வீட்டில் 'போற' என்னும் எங்கள் உம்மா, தோட்டத்துப் பெண்களோடு கதைக்கும்போது 'போறேன்' என்பார். மாணவருக்குத் தேவைப்பட்ட சான்று அது. படித்தவர்கள் நடுவே வீட்டுப் பேச்சை எடுக்கக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். திண்ணையில் மட்டும் நாக்கு நீண்டது.

போன கிழமை ஐந்தாம் ஆண்டுக் கொப்பியொன்றில் 'நான் கடைக்குப் போற' என்றிருந்தது. கட்டுரை என்பதால் 'போகிறேன்' என்று மேலே எழுதினேன். வழமையான சிவப்புக் கோட்டை அடிக்கவில்லை. மாணவருக்கு உம்மாவின் பேச்சைப் பற்றிக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு பக்கம் ஆகிவிட்டது, இன்னும் முடியவில்லை.