உங்கள் கையெழுத்து ஒன்று போதும், முதலாளி!

‘நாங்க சின்ன கம்பெனி சார், இதெல்லாம் ஐ.டி. கம்பெனிக்காரங்க செய்யுறது.’ வீட்டு நோயாளியைக் கவனிக்கும் தொழிலாளிக்குச் சலுகை கொடுங்கள் என்றால், கோவையிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் தொழில் நடத்துகிற பலரும் சொல்லும் இந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத 2012-ஐத் தாண்டி வந்தவர் நீங்கள். 2016-ல் ஒரே ராத்திரியில் நோட்டு செல்லாமல் போனபோதும் வாரக்கூலி கொடுக்க வழி கண்டவர். 2020-ல் ஆர்டர்கள் ரத்தாகி மிஷின்கள் நின்றபோது முகக்கவசம் தைத்தாவது கதவைத் திறந்து வைத்தவர். அப்போதெல்லாம் கை விரிக்காத நீங்கள், அம்மாவுக்கு டயாலிசிஸ் என்று ஒரு தொழிலாளி அரை நாள் கேட்டு நிற்கும்போது மட்டும் ஏன் கை விரிக்கிறீர்கள்?

முடியும். உங்களால்தான் முடியும்! பெரிய கம்பெனியில் ஒரு விதியைத் திருத்தக் கமிட்டிமேல் கமிட்டி கூட வேண்டும். உங்கள் இடத்தில் நீங்கள் நினைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் திருத்திவிடலாம்.

டயாலிசிஸ் நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் மிஷினில் படுக்க வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணி என்பது முன்கூட்டியே தெரியும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோவுக்கும் தேதி உண்டு, பக்கவாதம் வந்தவருக்குத் தரும் பிசியோதெரபிக்கும் நேரம் உண்டு. தேதி தெரிந்த ஒரு விடுப்புக்கு மாற்று ஆள் போட முடியாத நிர்வாகம், தூத்துக்குடியில் கப்பல் கிளம்பும் தேதியை மட்டும் எப்படிப் பிடிக்கிறது? ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்னாலேயே ஒட்டிவிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அட்டெண்டன்ஸ் போனஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு அந்த விதியின் மேல் உண்மையான கோபம் உண்டு. மாதம் முழுக்க விடாமல் வந்தால் தொகை கிடைக்கும். ஒரு நாள் தவறினால் மொத்தமும் போய்விடும். பல ஆலைகளில் இதுதான் நடைமுறை. சோம்பேறியைத் திருத்தக் கொண்டுவந்த விதி அடிப்பது யாரை? ராத்திரி முழுக்க அப்பாவின் கட்டில் பக்கத்தில் கண் விழித்துவிட்டு, காலை ஷிப்ட்டுக்குக் கேட் மூடுவதற்குள் ஓடி வருகிறவரை! அரை நாள் போனாலே தொகை போய்விடும் என்றால், அவர் முழு நாளாகவே எடுத்துவிடுவார். உண்மைக் காரணத்தைச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தபின் வயிற்றுவலி என்பார், சொந்தத்தில் துக்கம் என்பார். நேர்மையான மனிதரை உங்கள் விதியே பொய் பேச வைக்கிறது. தூக்கி எறியுங்கள் அதை! நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தைப் போனஸ் கணக்கில் விடுப்பாகச் சேர்க்காதீர்கள். மணிக்கணக்கில் பெர்மிஷன் கொடுங்கள். வேறொரு நாள் கூடுதலாக உட்கார்ந்து அவர் வேலையை முடித்துக் கொடுப்பார்.

இப்படியெல்லாம் செய்தால் தொழில் படுத்துவிடும் என்கிறவர்கள் ஜப்பானைப் பார்க்கட்டும். 5எஸ், கைசென் என்று அவர்களிடம் கற்றதைத்தானே சுவரில் எழுதி மாட்டியிருக்கிறோம்? அந்த நாட்டில், பராமரிப்பு தேவைப்படும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்காகவும் தொழிலாளி 93 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். அதை மூன்று தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம். இது தவிர வருடத்துக்கு 5 நாள், இரண்டு பேரையோ அதற்கு மேலோ கவனித்தால் 10 நாள் தனி விடுப்பு உண்டு. 2021-லிருந்து அதை மணிக்கணக்கிலும் எடுக்க முடிகிறது. வீட்டு நோயாளிக்காக வேலையை விடுகிறவர்கள் அங்கே ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர். தேர்ந்த கைகளை இப்படி இழப்பது தாங்காமல், 2025 ஏப்ரலில் இன்னொரு விதியையும் சேர்த்தார்கள்: தொழிலாளி 40 வயதை எட்டும்போது, இந்தச் சலுகைகளைப் பற்றி நிறுவனமே அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. பிரிட்டனிலும் 2024 ஏப்ரல் 6 முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு வாரம் பராமரிப்பு விடுப்பு உண்டு. சம்பளம் கிடையாதுதான். ஆனால், ஆதாரம் கொண்டுவா என்று முதலாளி கேட்க முடியாது. தொழிலாளியின் சொல்லை நம்பியாக வேண்டும்!

நம் நாட்டில் மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்புக்கென்று பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் இருக்கிறது. மாற்றுத்திறன் கொண்ட குடும்பத்தினரைக் கவனிக்கும் மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கு கேட்க வழி இருக்கிறது. ஆனால் தனியார் கம்பெனித் தொழிலாளி வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளத் தனி விடுப்புச் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் வந்தபின் செய்வது கணக்குப்பிள்ளை வேலை. வருவதற்கு முன்னே செய்கிறவர்தான் முதலாளி.

காசே செலவாகாத காரியங்களும் உண்டு. வேலை நேரத்தில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைக்கும் இடமா உங்களுடையது? வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு ஆபீஸ் நம்பரை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுங்கள். அதில் அழைப்பு வந்தால், மிஷின் முன்னால் இருப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் சேதி போக வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். படுக்கையில் கிடக்கும் தாயை விட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு அந்த உத்தரவு எவ்வளவு பெரிய தெம்பு தெரியுமா? அடுத்தது இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தும். அவர்களைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. பெற்றோர் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று உங்கள் ஹெச்.ஆர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்கட்டும், விட்டுப்போன பெயர்களைச் சேர்க்கட்டும். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றன. அந்தந்தப் பகுதிப் பணியாளரின் நம்பரை நோட்டீஸ் போர்டில் எழுதுங்கள்.

வீட்டு நோயாளியைக் கவனிப்பதைப் பெண்கள் விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். வீட்டாரைக் கவனிக்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 134 நிமிடமும், ஆண்கள் 76 நிமிடமும் செலவிடுவதாக 2019-ல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொன்னது. பெண்களின் சுமை கூடுதல், அதில் சந்தேகமில்லை. ஆனால் அப்பாவுக்கு மலச்சட்டி எடுக்கிற மகனும் உங்கள் லேத்துக்கு முன்னால்தான் நிற்கிறார். வெளியே சொன்னால் இளப்பமாகிவிடும் என்று வாயைத் திறக்காமல் நிற்கிறார். அவரையும் கேளுங்கள்.

‘மாசம் பூரா உங்க அம்மாவுக்குத்தான் உடம்பு சரியில்லையா?’ என்று நாலு பேர் முன்னால் கேட்கும் சூப்பர்வைசரின் வாயை முதலில் அடக்குங்கள். அந்த ஒரு கேள்விக்காகவே வேலையை விட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒரு ஓவர்லாக் டெய்லர் வேகம் பிடிக்க எத்தனை மாதம் ஆகும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவரை ஒரு சொல்லால் விரட்டிவிட்டு, ஆள் கிடைக்கவில்லை என்று போஸ்டர் ஒட்டுவதா?

கடைசிக் காலத்தில் இருக்கும் தகப்பனோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒருவர் கேட்டால், போய் வா, இந்த மிஷின் உனக்குத்தான் என்று கம்பெனித் தாளில் எழுதிக் கொடுங்கள். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவராக இருந்தாலும் கொடுங்கள். அதை எல்லோருக்குமான விதியாக்கி, சூப்பர்வைசர்களை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். ‘எல்லாரும் கேட்டா என்ன சார் பண்றது?’ என்று அவர்களில் ஒருவர் எழுந்து கேட்பார். எல்லோருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் கொடுப்போம் என்று அங்கேயே சொல்லுங்கள்.