பழைய உடலும் புதிய உலகமும்

நோயுற்றவனைப் பற்றி ஊரார் பேசும் பேச்சு பெரும்பாலும் இருவகைப்படும். “அவன் தலையெழுத்து அப்படி” என்பார் ஒரு சாரார். “வாயைக் கட்டத் தெரியாதவன், வினையை வலிய வருவித்துக்கொண்டான்” என்பார் மற்றொரு சாரார். முன்னவர் பழியை விதியின்மேல் ஏற்றுகின்றனர். பின்னவர் நோயாளியின்மேல் ஏற்றுகின்றனர். ஆயினும் காரணத்தை ஆராய வேண்டுவதில்லை என்பதில் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர். நம்மவர் வழக்கில் இனிப்புநீர் எனப்படும் நீரிழிவை முன்வைத்து, இவ்விரு கூற்றும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஆராய வேண்டிய அவசரமும் உண்டு. மலேசியாவில் 2019 ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் இந்நோய் இருப்பதாகக் காட்டிற்று. இனவாரியாக நோக்கின் இந்தியரே முன்னணியில் நின்றனர். சிங்கப்பூர் அரசாங்கம் 2016 இல் இந்நோயின்மேல் போர் தொடுப்பதாகவே அறிவித்தது. கால்விரலை இழந்த பெரியவரும், கண்ணொளி மங்கிய தாயும், வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் உழைப்பாளியும் இல்லாத தெரு நம்மிடையே அரிது. இத்தனை பேருக்கும் ஒரே தலையெழுத்தோ? இத்தனை பேரும் ஒருங்கே ஒழுக்கம் தவறினரோ?

உயிர்கள் யாவும் தாம் வளர்ந்த சூழலுக்கு இசைந்தவை. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. நம் முன்னோர் சீவிய பால்மரமே போதும். அதன் பிறப்பிடம் பிரேசில் நாட்டு அமேசான் காடு. அக்காட்டில் அம்மரம் இங்கொன்றும் அங்கொன்றுமாகவே நிற்கும். இடையே வேறு மரங்கள் அடர்ந்திருக்கும். ஆதலின் அதன் இலையைக் கருக்கும் பூஞ்சை நோய் ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவுவதில்லை. 1877 இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அந்நோயோ கடல் கடந்து வரவில்லை. ஆகவே மலாயாவில் நிரை நிரையாக நட்டபோதும் மரங்கள் செழித்தன. இதைக் கண்ட அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபோர்டு, 1928 இல் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் பெருந்தோட்டம் தொடங்கி, அதே மரத்தை நெருக்கமாக நடுவித்தார். இலை நோய் மரத்துக்கு மரம் தாவிற்று. 1945 இல் அவர் குடும்பத்தார் அம்முயற்சியையே கைவிட்டுத் தோட்டத்தைப் பிரேசில் அரசாங்கத்திடம் விற்றனர். மரம் அதுவே, மண்ணும் அதன் சொந்த மண்ணே. நட்ட முறை ஒன்றே மாறிற்று. பட்டுப்போன அம்மரத்தை நோக்கி, “உன் தலைவிதி” என்றோ, “உனக்கு ஒழுக்கமில்லை” என்றோ எவரேனும் கூறுவரோ?

மனிதன் நிலையும் இத்தகையதே. நம்மைப் போன்ற மனிதர் தோன்றி ஏறக்குறைய மூன்று லட்சம் ஆண்டுகள் ஆயின. உழவுத் தொழில் தோன்றிப் பன்னீராயிரம் ஆண்டுகளே ஆயின. மனித வரலாறு முழுவதையும் ஒரு நாளாகக் கொண்டால், உழவு கடைசி ஒரு மணி நேரத்திலேதான் வருகிறது. எடிசன் 1879 இல் மின்விளக்கை எரியச் செய்து இன்னும் ஒரு நிமிடமும் ஆகவில்லை. எஞ்சிய நேரமெல்லாம் நம் முன்னோர் வேட்டையாடியும், காயும் கிழங்கும் தேடியும் உயிர் வாழ்ந்தனர். இனிப்பு என்பது அவர்க்குப் பருவத்தில் பழுக்கும் கனியும், ஈயோடு போராடி எடுக்கும் தேனுமே. கிடைத்தபோது வயிறார உண்டு, மிகுதியைக் கொழுப்பாகச் சேமித்தவன் அடுத்த பஞ்சத்தைத் தாண்டினான். வேலையில்லாத வேளையில் அசையாது இளைப்பாறியவன் வலிமையை மிச்சப்படுத்தினான். இனிப்பில் ஆசையும் ஓய்வில் நாட்டமும் அன்று உயிர்காத்த குணங்கள். அவ்வாறு பிழைத்தவரின் வழித்தோன்றல்களே நாம்.

உடல் அதுவே, உலகமோ மாறிவிட்டது. கெட்டிப்பால் கலந்த தேநீர் காலையிலும் மாலையிலும் நள்ளிரவிலும் கிடைக்கிறது. தேனுக்காக மலையேறிய நாக்கு, இன்று கடைவாயிலில் நின்று கைநீட்டினால் போதும். விடியுமுன் எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களை நடந்தே சீவி, பால்வாளி சுமந்தவரின் மக்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் பட்டணம் புகுந்தனர். தொழிற்சாலை இயந்திரத்தின் முன்னும், காவற்கூண்டிலும், லாரியின் இருக்கையிலும் அமர்ந்தனர். காலின் வேலை நின்றது. தட்டிலே சோறு குறையவில்லை. உறங்க வேண்டிய இரவில் விழித்து உழைப்பவரும் பலர். அரைவயிற்றுக் கூலிக்கு அடிமைப்பட்ட அந்தப் பழைய உழைப்பைப் போற்றுவது நம் நோக்கமன்று. அசைவு நின்றால் உடல் என்னாகும் என்பதையே கூறுகிறோம். இலண்டன் மாநகர மாடிப் பேருந்துகளில் பணிபுரிந்தோரை ஆராய்ந்த ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர், 1953 இல் தம் முடிவை வெளியிட்டார். நாளெல்லாம் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநருக்கு இருதய நோய் குறைவு என்பதே அது. ஒரே வண்டி, ஒரே சாலை, வேறுபட்டது அசைவு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். 1962 இல் ஜேம்ஸ் நீல் என்னும் அறிஞர், பஞ்சகாலத்துக்கு உதவிய சிக்கன மரபணுவே இன்று நீரிழிவாக முடிகிறது என்று ஊகித்தார். அவ்வூகம் இன்றும் வாதத்திற்குரியதே. 1992 இல் ஹேல்ஸ், பார்க்கர் என்னும் இருவர், தாய் வயிற்றில் போதிய ஊட்டம் பெறாத சிசுவின் உடலே பிற்காலத்தில் இந்நோய்க்கு எளிதில் இரையாகிறது என்றனர். அவ்வாறாயின், நம் தலையில் எழுதியவன் பிரமன் அல்லன். நம் பாட்டியரைப் பசியோடு வேலைவாங்கிய கூலிக் கணக்கே அவ்வெழுத்தை எழுதிற்று எனலாம். எவ்வாறாயினும், பழைய விதியைத் தலைவாயில் வழியே துரத்திவிட்டு, மரபணு என்னும் புதுப்பெயரோடு கொல்லைப்புறமாக அதை அழைத்து வருதல் தகாது. நீரிழிவின் விளிம்பில் நின்ற இந்தியரைக் கொண்டு சென்னையில் மூன்றாண்டு நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2006 இல் வெளிவந்தது. உணவைச் சீர்ப்படுத்தி நாள்தோறும் நடந்த கூட்டத்தாரிடம் நோய் வருவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. விதியாயின் நடந்தால் குறையுமோ?

இனி, நோயாளியைப் பழிப்போர்க்கு ஒரு சொல். தன்னடக்கம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆயினும் நீர்சூழ நின்றவனை ஏன் நனைந்தாய் என்று வினவுவோர், அந்நீரைத் திறந்துவிட்டவர் யார் என்றும் வினவ வேண்டும். சூழல் மனிதன் கட்டியது. அதைக் கட்டியவரே திருத்தவும் கூடும். மலேசியா 2019 ஜூலை முதல் இனிப்பு மிகுந்த பானங்களுக்கு வரி விதித்தது. சிங்கப்பூர் 2022 டிசம்பர் இறுதி முதல், அடைத்து விற்கும் பானங்களின் இனிப்பை வாங்குவோர் அறியத் தரம் பிரித்துக் குறிக்கச் செய்தது. இவை நல்ல தொடக்கம்.

அரசாங்கம் செய்யவியலாத ஒன்று நம் வீட்டிலே உள்ளது. விருந்தினர்க்கு இனிப்பளித்தல் நம் வழக்கம். இனிப்பு அரிதாயிருந்த நாளில் அதைப் பகிர்ந்தளித்தது மெய்யான ஈகை. இன்றோ, “வேண்டாம்” என்று கைகுவிக்கும் முதியவரையும், “ஒரு நாள்தானே, சாப்பிடுங்கள்” என்று வற்புறுத்துகிறோம். திருமணத்திலும் திருவிழாவிலும் பிறந்தநாளிலும் அந்த ஒரு நாள் மீண்டும் மீண்டும் வருகிறது. மறுத்தால் மரியாதைக் குறைவென்று முகம் சுளிக்கிறோம். அன்பின் பெயரால் செய்யும் இத்தீங்கை எந்த விதியின்மேல் ஏற்றுவது?

அப்படியாயின் காட்டு வாழ்வுக்குத் திரும்புவதோ எனச் சிலர் நகைப்பர். வேண்டா. அவ்வாழ்வில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி ஆளாகுமுன் மாண்டன. பெரியம்மையை ஒழித்ததும் இந்தப் புதிய உலகமே. இயற்கை நம்மை ஆக்கிற்று என்பதால் அது சொல்வதெல்லாம் அறமாகிவிடாது. நம் ஆசை இயற்கையானது என்பதால் அதற்குப் பணியவேண்டும் என்பதுமில்லை. நம் உடலின் தன்மையை அறிந்து, அதற்குத் தக நம் வாழ்வை அமைத்தலே பகுத்தறிவு.

உடல் மாறப் பல நூறு தலைமுறை வேண்டும். வழக்கம் மாற ஒரு தலைமுறை போதும். ஆதலின், நோயுற்றவரைக் கண்டால் விதியைச் சொல்லிக் கைவிடாமலும், குற்றஞ்சாட்டிக் கூசச் செய்யாமலும், அவரோடு மாலையில் இரண்டு கல் தூரம் நடப்போம். வீட்டுக்கு வருவோர்க்கு இனிப்பில்லாத தேநீரை மனமகிழ்ந்து அளிப்போம். நம் குடியிருப்பில் பிள்ளைகள் ஓடி விளையாடத் திடல் வேண்டுமென்று கேட்டுப் பெறுவோம்.