பிசையும் கையும் சிந்திக்கும் மனமும்

சிந்தனைக்கு ஓய்வு வேண்டும் என்பது தத்துவ உலகின் மிகப் பழைய கொள்கைகளுள் ஒன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்ரோட்டில், அன்றாடத் தேவைகளுக்காக உழைப்போனுக்கு உயர்ந்த வாழ்வுக்குரிய ஓய்வு வாய்ப்பதில்லை எனக் கருதினார். அவ்வோய்வை ஈட்டித் தந்தது அடிமைகளின் உழைப்பு; அடிமை முறையை இயற்கையானதென அவர் நியாயப்படுத்தவும் செய்தார். உடலுழைப்பு சிந்தனைக்குப் பகையா, துணையா? வீட்டிலே பாண் சுடுதல் என்னும் எளிய தொழிலை எடுத்துக்கொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

மெக்சிக்கோவின் கன்னியர் மடமொன்றில் வாழ்ந்த கவிஞர் சோர் ஹுவானா இனேஸ் டி லா குரூஸ், உலகியற் கல்வியைக் கைவிடுமாறு தம்மை அறிவுறுத்திய ஆயருக்கு 1691ஆம் ஆண்டில் எழுதிய மறுமொழி இங்கு கருதத்தக்கது. முட்டை எண்ணெயிலே ஒருவிதமாகவும் சீனிப்பாகிலே வேறுவிதமாகவும் நடந்துகொள்வதைக் கவனித்து, அடுப்படியிலும் இயற்கையின் இரகசியங்களைத் தாம் கற்றதாக அவர் கூறினார். அரிஸ்ரோட்டில் சமைத்திருப்பாராயின் இன்னும் அதிகம் எழுதியிருப்பார் என்பது அவர் முடிபு. நகைச்சுவையாகச் சொல்லப்பட்டதாயினும், கைத்தொழிலும் அறிவின் வாயில் என்னும் உண்மை அதில் அடங்கியுள்ளது.

பாண் சுடும் தொழிலின் இயல்பே படிப்புக்கு இயைவானது. மாவைப் பிசையும்போது கை உழைக்கிறது; மனமோ சற்று முன் வாசித்ததை அசைபோடுகிறது. பின்னர் மதுவம் மாவிலுள்ள வெல்லங்களை உண்டு காபனீரொட்சைட்டை வெளிவிட, மாப்பிண்டம் மெல்ல உப்புகிறது. இதனை விரைவுபடுத்த விரும்பி வெப்பத்தை மிகைப்படுத்தினால் மதுவமே மடிந்துபோகும். ஆகவே காத்திருத்தல் தவிர்க்க முடியாதது. அக்காத்திருப்பு வாசிப்போனுக்கு எல்லை வகுத்த ஒரு பொழுதை அளிக்கிறது. அன்றியும், எழுத்தின் பயன் பல ஆண்டுகள் கடந்தும் ஐயத்துக்குரியதாயிருக்க, போறணையிலிருந்து வெளிவரும் பாண் அன்றே ஒருவரின் பசியைத் தீர்க்கிறது.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் (1830–1886) இதற்குச் சிறந்த சான்று. அவர் சுட்ட பாணையே தந்தையார் விரும்பி உண்டார். 1856ஆம் ஆண்டு அவரது ஊராகிய அமேஸ்ற்றில் நடைபெற்ற கண்காட்சியில் அவரது பாண் 2ஆம் பரிசு பெற்றது. தேங்காய்க் கேக்கின் செய்முறை எழுதிய தாளின் மறுபுறத்தில் அவர் எழுதிய கவிதையொன்று இன்றும் உள்ளது. ஏறத்தாழ 1,800 கவிதைகளை இயற்றிய அவருக்கு அடுக்களை பகையாயிருக்கவில்லை என எண்ணத் தோன்றுகிறது.

ஆயினும் இச்சான்றை முழுமையாக நோக்குதல் வேண்டும். டிக்கின்சன் இல்லத்தில் அயர்லாந்துப் பணிப்பெண்கள் பல்லாண்டுகள் உழைத்தனர். எழுதும் பெண்ணுக்குப் பணமும் தனி அறையும் வேண்டுமென 1929ஆம் ஆண்டில் வாதிட்ட வேர்ஜீனியா வூல்ஃப், பாண் சுடுவதில் தேர்ந்தவர். அவர் வீட்டிலும் சமையற் பணியாளர் இருந்தனர். தானே தேர்ந்த ஒரு மணி நேரப் பிசைதல் மனத்துக்கு இதம் தரும். விலகும் உரிமையற்று நாள்தோறும் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்போருக்கு அதே தொழில் சிந்தனையை விழுங்கும் சுமையாகிறது. செயல் ஒன்றே, அதனைச் செய்வோரின் சுதந்திரமே வேறுபடுகிறது.

எனவே, உடலுழைப்பு சிந்தனைக்குப் பகை என்ற அரிஸ்ரோட்டிலின் கருத்தையும், அடுக்களையே கல்விக்கூடம் என்ற எளிய புகழுரையையும் ஒருங்கே மறுக்கவேண்டியவராகிறோம். உழைப்பு துணையாவதற்கு, அதை முடித்தபின் மேசைக்குத் திரும்பும் உரிமை உழைப்போருக்கு இருத்தல் வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் மகனின் மேசைக்குத் தேநீர் கொண்டுவருபவள் பெரும்பாலும் தாயோ தங்கையோதான். அத்தங்கைக்கும் பரீட்சை இருக்கலாம். அறத்தைப் பற்றி எழுத அமரும் மாணவன், அன்றைய மாவைப் பிசைந்தவர் யார் என்ற வினாவையும் தன் ஆய்வுக்குள் கொணரவேண்டும். இயன்றால் அடுத்த நாள் மாவைத் தானே பிசையவேண்டும்.