அடைக்கல நிலம்

ஸ்காட்லாந்தின் பியாலக் நா பா மலைப்பாதை 626 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஒரு வண்டி போகும் அகலம்தான். வாடகைக் காரின் ஸ்டீயரிங்கில் என் கை வியர்த்துவிட்டது. எதிரே வந்த வேன்காரர் பின்னோக்கிப் போய் எனக்கு வழிவிட்டு, ஒரு விரலை உயர்த்தினார்.

கீழே கடலோரம் ஆப்பிள்கிராஸ். கி.பி. 673இல் அயர்லாந்துத் துறவி மெல்ருபா மடம் அமைத்த ஊர். கேலிக் மொழியில் இதன் பெயரே 'அடைக்கலம்'. அன்று, துரத்தப்பட்டவன் மடத்தின் எல்லைக்குள் கால்வைத்துவிட்டால் அவனைத் தொடக்கூடாது என்பது விதி. குற்றவாளிக்கும் அதே காப்பு என்பது என்னை உறுத்தியது. அவனால் அழிந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? ஆனாலும், தகுதி பார்த்துத் தருவதை அடைக்கலம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கல்லறைத் தோட்ட வாசலில் நெடிய கல். சிலுவையைக் கோடிட்டிருக்கிறார்கள், செதுக்கி முடிக்கவில்லை. அதில் கைவைத்து வெகுநேரம் நின்றேன்.