ஞாபகம் என்னும் அமானிதம்



1979-ம் ஆண்டு முதல் தேசியச் சின்னமாக விளங்கும் டன்லப் வீதி அப்துல் கபூர் பள்ளிவாசலின் முகப்பைப் பாருங்கள். சூரிய வடிவில் 25 கதிர்கள். கதிர்தோறும் ஒரு நபியின் திருநாமம். ஓதப்பள்ளி நாளில் அந்த 25 பெயர்களையும் தடையின்றி ஒப்பித்த நாம், இன்று பத்தைத் தாண்டுமுன் தடுமாறுகிறோம். வயது மட்டும் காரணமன்று. ஓதாமல் விட்டதும் காரணம்.

குர்ஆனை மனனம் செய்தவரை, கட்டிய ஒட்டகத்தை உடையவருக்கு ஒப்பிட்டார்கள் நபிகள் நாயகம் (ஸல்). கவனித்தால் நிற்கும், அவிழ்த்துவிட்டால் ஓடிவிடும்.

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், காது மந்தம், தனிமை ஆகியவை மறதி நோய்க்கு வழி திறப்பவை என்று 2024-ல் உலக மருத்துவ நிபுணர் குழுவொன்று எடுத்துரைத்தது. ஆகவே, இஷாவுக்குப் பின் தேத்தண்ணீர்க் கடையில் நள்ளிரவு வரை அமராமல் உறங்குவோம். சுபுஹுக்கு நடந்தே செல்வோம். புதிய ஆயத்தொன்றைப் பொருளுணர்ந்து மனனம் செய்து, தொழுகையில் ஓதுவோம். தேத்தண்ணீரில் சீனியைக் குறைப்போம், சிகரெட்டை விடுவோம். செவி மந்தித்தால் வெட்கமின்றி மருத்துவரை நாடுவோம். தனித்திருப்பவரைத் தேடிச் சென்று ஸலாம் சொல்வோம்.

இத்தனையும் பேணியவருக்கும் மறதி வரலாம். ஸப்பில் நிற்கும் பெரியவர் ரக்அத்தை மறந்தால் நகைக்க வேண்டாம். தொழுகையில் மறந்தவருக்கு இரண்டு ஸஜ்தாவைக் காட்டித் தந்த மார்க்கம் நம்முடையது. அவரை வெளியே தள்ளவில்லை. கைப்பிடித்து வீடு சேர்ப்போம். மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். நாளை அவ்விடத்தில் நாமே நிற்கலாம்.

அல்லாஹ் நம் நினைவைக் காத்தருள்வானாக! ஆமீன்.