தகுதி பெறுவதற்காக நோயைக் கூட்டிக்கொள்ளலாமா?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு சகோதரர் வந்து உட்கார்ந்தார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அவரிடம் அனுமதி கேட்டுத்தான், ஆள் இன்னாரென்று தெரியாதபடி இதைச் சொல்கிறேன்.

உயரம் 170 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதால் கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவருடைய இன்சூரன்ஸ் பாலிசிப்படி அவருக்குத் தகுதி இல்லை. விவரம் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் இரண்டு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒன்று, இன்னும் நாலு கிலோ ஏற்றிக்கொள். இல்லையென்றால் ஒரு மாதம் மாத்திரையை நிறுத்து, சர்க்கரை தானாக ஏறும்.

"ஹஜ்ரத், நல்லா ஆகுறதுக்காகத்தானே கொஞ்ச நாள் கெடுத்துக்கிறேன், இது தப்பா?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்லாமல், டாக்டர் கொடுத்த காகிதங்களையும் பாலிசியையும் கொண்டுவரச் சொன்னேன். காயம்பட்டிருந்த ஒருவரிடம், குளித்தே ஆகவேண்டும் என்று விவரம் தெரியாமல் தீர்ப்புச் சொல்ல, அவர் குளித்து இறந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவர்கள் எவ்வளவு கோபப்பட்டார்கள் என்பது அபூதாவூதில் இருக்கிறது. அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதான் என்றும் அங்கே சொன்னார்கள்.

இரண்டு கோடுகள்

எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. நம் சகோதரருக்கு அது 38.8. இந்தியர்களுக்கு மற்ற நாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுகின்றன. அதனால் 2009-ல் நம் நாட்டு மருத்துவ நிபுணர்கள் கூடி, இந்த ஆபரேஷனுக்கு 37.5 என்று கோடு போட்டார்கள். சர்க்கரை போன்ற நோய் கூடவே இருந்தால் 32.5 போதும். அந்தக் கணக்கில் இவருக்குத் தகுதி உண்டு.

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் கொண்டுவந்த பொதுவான வாசகம் வேறு கோடு போடுகிறது. வயது 18 நிறைந்திருக்க வேண்டும், டாக்டரின் பரிந்துரை வேண்டும், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். 35 என்றால், மற்ற வழிகள் பலனளிக்காத நிலையில், இதய நோயோ, தூக்கத்தில் மூச்சு நிற்கும் கடுமையான நோயோ, கட்டுக்கடங்காத சர்க்கரையோ இருக்க வேண்டும். இவருடைய சர்க்கரைதான் கட்டுக்குள் இருக்கிறதே! ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டதாலேயே தகுதி போய்விட்டது என்று அவர் வருந்துகிறார். அந்த ஆதங்கத்தில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆபரேஷனே கூடாது என்போருக்கு

அல்லாஹ் படைத்த வயிற்றை வெட்டுவது படைப்பை மாற்றுவது ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். அழகுக்காக மட்டும் உடலை மாற்றுவது வேறு, நோய்க்கு மருந்து செய்வது வேறு. அர்ஃபஜா (ரலி) என்ற தோழர் ஒரு போரில் மூக்கை இழந்தார். வெள்ளியில் மூக்கு செய்து வைத்தார், அதில் துர்நாற்றம் வந்தது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்றிருந்தும், தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் அன்னாரின் கட்டளைதான்.

வாயைக் கட்டத் தெரியாதவனுக்குத்தான் ஆபரேஷன் என்று கேலி பேசுகிறவர்களும் நம் தெருவில் உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாசலுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் லாரிக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். நடக்க இடமில்லை, தூங்க நேரமில்லை, நடுராத்திரியில் கிடைப்பது பரோட்டாவும் சால்னாவும்தான். இப்னு மஸ்வூத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைப் பார்த்துத் தோழர்கள் சிரித்தபோது, அந்தக் கால்கள் மறுமையின் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். ஒல்லியான உடலைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்றால், பருத்த உடலுக்கும் அதே சட்டம்தான்.

ஆக, ஆபரேஷனை நாடுவது குற்றமல்ல. ஆனால் அது சின்ன விஷயமும் அல்ல. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் இதே நோக்கத்துக்காக ஆபரேஷனுக்குப் போன 26 வயது இளைஞர் உயிரிழந்து, அரசு விசாரணை வைத்தது நினைவிருக்கும். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் முறையில், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. வாழ்நாள் முழுக்க விட்டமின் மாத்திரையும் கவனமும் வேண்டும். அதனால்தான் 'இவருக்கு இது தேவையா?' என்று கேட்க ஒரு கோடு இருக்கிறது.

தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தயம்மும்

இப்போது அவருடைய கேள்விக்கு வருவோம். நிர்ப்பந்தம் வந்தால் மார்க்கம் சலுகை தருகிறது. தண்ணீர் இல்லாதவருக்குத் தயம்மும் உண்டு. ஆனால் குடம் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, தயம்மும் செய்ய வேண்டும் என்பதற்காகவே அதைத் தரையில் கொட்டுகிறவரை என்ன சொல்வோம்? நிர்ப்பந்தம் நமக்கு நேர்வது. நாமே உண்டாக்கிக்கொண்டு, பிறகு அதைக் காட்டிச் சலுகை கேட்பது அல்ல. மாத்திரையை நிறுத்துவது அந்தக் குடத்தைக் கவிழ்ப்பதுதான்.

இரண்டாவது, உடல் நமக்குச் சொந்தமல்ல, அமானிதம். நம் உடலுக்கு நம் மீது உரிமை இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்று குர்ஆன் தடுக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் எடையையும் சர்க்கரையையும் குறைத்து வரும்படிதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். சர்க்கரை ஏறிய உடம்பில் கத்தி பட்டால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். குணமாவதற்காகக் கெடுத்துக்கொள்வதாக நினைக்கிறவர், அந்தக் குணத்தையே ஆபத்தில் வைக்கிறார்.

மூன்றாவது, அந்தப் படிவத்தில் போடும் கையெழுத்து ஒரு சாட்சி. இன்சூரன்ஸைப் பற்றி உலமாக்களிடையே உள்ள சட்ட விவாதம் தனி, இன்று அது பேச்சல்ல. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஏமாற்றக் கூடாது என்பதில் விவாதமே இல்லை. 'நான் பொய் சொல்லவில்லையே, சர்க்கரை உண்மையாகவே ஏறியிருக்கிறதே' என்று சொல்லலாம். வாய் சொல்லாத பொய்யை ரத்தத்தைச் சொல்ல வைப்பதும் பொய்தான்.

உண்மை எங்கே கொண்டுபோய் விட்டது?

இதைச் சொல்லிவிட்டு அவரிடம் ஒன்று கேட்டேன். "தம்பி, வீட்ல உங்க குறட்டையைப் பத்தி எதுவும் சொல்றாங்களா?" தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதாக மனைவி பயப்படுகிறாராம். வரிசையில் நிற்கும்போது ஸ்டியரிங் மீதே கண் அசந்துவிடுகிறதாம். அந்தப் பெரிய வண்டியின் முன்னால் சைக்கிளில் பிள்ளைகள் போகிறார்கள். இது அவர் உயிர் மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. தூக்கப் பரிசோதனை செய்யச் சொன்னேன். கடுமையானது என்று வந்தால் நேர்மையாகவே தகுதி கிடைத்துவிடும் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

சோதனையில் நடுத்தரம் என்று வந்தது. கடுமை இல்லை, தகுதியும் இல்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். எனக்கும் பேச்சு வரவில்லை. உண்மை பேசினால் உடனே காரியம் கைகூடும் என்று அல்லாஹ் வாக்களிக்கவில்லை. உண்மை நன்மையின் பக்கம் வழிகாட்டும் என்பதுதான் நபிமொழி.

ஆனால் அந்தச் சோதனை வீணாகவில்லை. ராத்திரி மூச்சுக்கு உதவும் கருவியோடு தூங்குகிறார். வண்டியில் கண் அசருவது நின்றிருக்கிறது. மாத்திரையை நிறுத்தவில்லை. அரசு மருத்துவமனையில் விசாரித்துக்கொண்டிருக்கிறார். வயிற்றில் மூன்றில் ஒன்று உணவு, ஒன்று தண்ணீர், ஒன்று மூச்சு என்ற நபிவழியை இப்போதே பழகுகிறார். ஆபரேஷன் நடந்தாலும் அந்தப் பழக்கம் வேண்டும். கத்தி இரைப்பையைச் சிறிதாக்கும், நஃப்ஸைச் சிறிதாக்காது.

ஜமாஅத்தார்களுக்கு ஒரு வார்த்தை

நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-ல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. அன்றைய ஏழைக்குப் பசி நோய். இன்றைய ஏழைக்குச் சர்க்கரையும் பருமனும் நோய். அன்று கஞ்சி ஊற்றக் கைகள் இருந்தன. இன்று சட்டத்தின் இரு கோடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர், பொய்யா நோயா என்று தனியாக நின்று யோசிக்கும்படி விடுவது நமக்கு அழகா? மருத்துவச் செலவுக்கு வழியில்லாதவரை நம் பைத்துல்மால் கவனிக்க வேண்டும். கேலியை நிறுத்த வேண்டும். இரவில் வண்டி ஓட்டுகிறவருக்கு வீட்டுச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதும் ஸதகாதான்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! நீ தந்த உடலை அமானிதமாகப் பேணவும், நஷ்டம் வரும்போதும் உண்மையைக் கைவிடாமல் இருக்கவும் எங்களுக்குத் தவ்ஃபீக் செய்வாயாக! ஆமீன்.